உப்பு லொறியும் பனித்தெருவும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

சென்ற இதழில் என் கனடா நாட்களைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். 2001 தொடங்கி 2015 வரை பதினாலு குளிர்காலம், ரொறன்ரோ மாநகரசபையிடம் ஒப்பந்தம் எடுத்த ஒரு நிறுவனத்துக்காக ஸ்காபுரோப் பக்கம் உப்பு லொறி ஓட்டினேன் என்று. அந்த நாலு வரிக்கு வந்த கடிதங்கள் மேசையில் ஒரு கட்டாக இருக்கின்றன. திருகோணமலையில் எந்த ஒழுங்கைக்குள் போனாலும், ஒரு பிள்ளை அல்லது ஒரு சகோதரம் பனி விழும் ஊரில் இருக்கிற வீடு ஒன்றாவது இருக்கும். அதனால் இந்த முறை பத்தி முழுவதும் பனியும் தெருவும்தான்.

உப்புவெளியிலிருந்து ஒரு அம்மா: "ஐயா, என் மகன் ஸ்காபுரோவுக்குப் போய் மூன்று மாதம். இரவு முழங்கால் அளவு பனி என்று படம் அனுப்புகிறான். விடியப் பார்த்தால் அதே றோட்டில் பஸ் ஓடுகிறது என்கிறான். இரவோடு இரவாக யார் அதை அள்ளுகிறார்கள்?"

அம்மா, பெரும்பாலும் அள்ளுவதில்லை, கரையோரம் தள்ளி ஒதுக்குகிறார்கள். அதையும் யாரோ இரவில் திடீரென்று எழும்பி வந்து செய்வதில்லை. உங்கள் மகன் காலையில் பார்க்கிற கறுத்த தார் வீதிக்கான வேலை கோடையிலேயே தொடங்கிவிடும். ரொறன்ரோ மாநகரசபையின் பொறுப்பில் ஏறக்குறைய 5,600 கிலோமீற்றர் வீதி இருக்கிறது. எந்த லொறி எந்த வீதியில், எந்தத் திசையில், எத்தனையாவதாகப் போக வேண்டும் என்பதெல்லாம் முதற்பனிக்கு முன்பே வரைபடத்தில் குறித்தாகிவிடும். எனக்கும் அப்படி ஒரு வரைபடம் தந்திருந்தார்கள். லோரன்ஸ் அவெனியூவில் ஒரு துண்டு, மார்க்கம் வீதியில் ஒரு துண்டு. அதை நெகிழியில் ஒட்டி, சூரியத் தட்டிக்குள் செருகி வைத்திருந்தேன். முதல் இரண்டு குளிர்காலத்துக்குத்தான் அது தேவைப்பட்டது.

வானிலை அறிக்கை பார்த்து மேற்பார்வையாளர் கூப்பிடுவார். இரவு ஒன்பது மணி, பத்து மணி என்று அழைப்பு வரும். யாட்டுக்குப் போனால் நடுவில் ஒரு பெரிய கவிகைக் கூடாரம், கவிழ்த்த பானை மாதிரி. அதற்குள் மலையாக உப்பு. மழையும் பனியும் பட்டால் உப்பு இறுகிப் பாறையாகிவிடும், அதற்காகத்தான் அந்தக் கூரை. லோடர் பக்கற்றால் அள்ளிக் கொட்டும்போது லொறி முழுவதும் ஒரு முறை குந்தி எழும்பும். பத்துத் தொன்னுக்கு மேல் ஏறும். லொறியின் அடியில் ஒரு சங்கிலிப் பட்டி ஓடி உப்பைப் பின்னுக்குத் தள்ளும். பின்னால் ஒரு தட்டு சுழன்றுகொண்டே அதை வீதிக்கு வீசும். வீசுகிற நேரத்திலேயே உப்புத் தண்ணீர் தெளித்து அதை நனைக்கிற குழாயும் உண்டு. காய்ந்த உப்பு தார் வீதியில் கடலை மாதிரித் துள்ளிக் கானுக்குள் போய்விடும். நனைந்த உப்பு விழுந்த இடத்தில் ஒட்டிக்கொள்ளும். கண்ணாடியில் பின்னால் பார்ப்பேன், வீதி விளக்கு வெளிச்சத்தில் உப்பு துள்ளுகிறதா, ஒட்டுகிறதா என்று. துள்ளினால் வேகத்தைக் குறைப்பேன்.

முதற்பனி விழும்போது உப்பு மட்டும்தான். பனி ஏறத் தொடங்கினால் லொறிக்கு முன்னால் உள்ள, பனியைத் தள்ளுகிற அலகை இறக்குவோம். அங்கே அதற்கு அளவு இருக்கிறது: வேகப் பாதைகளில் 2.5 சென்ரிமீற்றர், பெரிய வீதிகளில் 5 சென்ரிமீற்றர், வீடுகள் உள்ள சின்ன வீதிகளில் 8 சென்ரிமீற்றர். அந்த அளவு சேர்ந்தால்தான் அலகு இறங்கும். பெரிய வீதியில் தனியாக ஒரு லொறி போய்ப் பயனில்லை. மூன்று நாலு லொறிகள் ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாக, ஆனால் நேர் வரிசையில் இல்லாமல் படிக்கட்டு மாதிரி விலகி விலகிப் போவோம். நடுவில் போகிறவன் தள்ளுகிற பனியை அடுத்தவன் வாங்கி இன்னும் கரைக்குத் தள்ளுவான், கடைசி ஆள் அதை ஓரத்தில் விடுவான். நான் பெரும்பாலும் மூன்றாவது ஆள். முன்னால் போகிறவனின் மஞ்சள் விளக்குச் சுழல்வது மட்டும்தான் தெரியும், மற்றதெல்லாம் வெள்ளை. வீதி நடுவில் உள்ள இரும்பு மூடியில் அலகு இடித்தால் ஸ்டியரிங் வழியாகத் தோள்பட்டை வரைக்கும் அடிக்கும். எந்த மூடி எங்கே மேலே நிற்கிறது என்று போகப் போக மனப்பாடம் ஆகிவிட்டது. அந்த இடத்தில் அரை அங்குலம் அலகைத் தூக்கி, கடந்தவுடன் இறக்குவேன்.

ஆகவே அம்மா, உங்கள் மகனின் பஸ் ஓடுகிற வீதி விடியுமுன் கறுத்துவிடும், அவன் வீட்டு வாசல் வீதி மத்தியானம் வரை வெள்ளையாகவே கிடக்கும். அதைப் பார்த்து அவன் கோபப்பட்டால் இதைச் சொல்லுங்கள்: அம்புலன்ஸ், தீயணைப்பு வண்டி, பஸ் போகிற வழி முதலில், மற்றது பிறகு. யார் முதல், யார் காத்திருக்க வேண்டும் என்று பனி விழுமுன் முடிவுசெய்து, விழுந்த பிறகு அதை மாற்றாமல் இருப்பதுதான் அந்த வேலையின் உயிர். பதினாலு குளிர்காலத்தில் நான் கற்றது அந்த ஒன்றைத்தான்.

சாம்பல்தீவிலிருந்து ஒரு மாணவன்: "உப்புப் போட்டால் பனி ஏன் உருகுகிறது? உப்பு சூடா?"

தம்பி, உப்பில் சூடு இல்லை. சுத்தமான தண்ணீர் பூச்சியம் பாகையில் உறையும். உப்புக் கரைந்த தண்ணீர் அதற்கும் கீழே போனால்தான் உறையும். பனிக்கட்டியின் மேல் எப்போதும் மெல்லிய ஈரம் இருக்கும். உப்பு அந்த ஈரத்தில் கரைந்து உப்புத் தண்ணீராகி, பக்கத்தில் உள்ள கட்டியையும் தன்னோடு இழுத்துக் கரைக்கும். நூறு பங்கு உப்புத் தண்ணீரில் ஏறக்குறைய 23 பங்கு உப்பு இருந்தால், மைனஸ் 21 பாகை வரைக்கும் அது உறையாது. ஆனால் அது ஆய்வுகூடக் கணக்கு. வீதியில் மைனஸ் 9, மைனஸ் 10 தாண்டினாலே உப்புச் சோம்பிவிடும். மணிக்கணக்கில் கிடந்தாலும் தன்னைச் சுற்றி ஒரு சின்னக் குழி மட்டும் தோண்டியிருக்கும். அந்த மாதிரி இரவுகளில் கல்சியம் குளோரைட் கலப்பார்கள், அது இன்னும் கடுங்குளிரிலும் வேலை செய்யும். இல்லையென்றால் மணல் போடுவார்கள். மணல் எதையும் உருக்காது, ரயருக்குப் பிடி கொடுக்கும், அவ்வளவுதான்.

நீ வீட்டிலேயே செய்து பார்க்கலாம். மீன் சந்தையில் ரெஜிபோம் பெட்டிக்குப் போடுகிற ஐஸ் கட்டியில் ஒரு துண்டு வாங்கு. மேலே கல் உப்பு நாலைந்து வைத்துவிட்டுப் பார். உப்புக் கல் தன் அளவுக்கு ஒரு துளை போட்டுக்கொண்டு கீழே இறங்கும். அதைத்தான் நாங்கள் விரும்புவோம். உப்பு மேலே உள்ளதையெல்லாம் உருக்கத் தேவையில்லை. கீழே தார் வரைக்கும் இறங்கி, ஐஸ் தாரில் பிடித்திருக்கிற பிடியை விடவைத்தால் போதும். மிச்சத்தை அலகு பார்த்துக்கொள்ளும்.

இன்னும் ஒன்று. பனி வருமுன்பே வீதியில் உப்புத் தண்ணீரைக் கோடு கோடாகத் தெளித்து வைக்கிற வழக்கம் இருக்கிறது. பலாப்பழம் வெட்டுமுன் அம்மா கையிலும் கத்தியிலும் தேங்காயெண்ணெய் தடவுகிறாரே, அதே வேலைதான். பால் ஒட்டிய பிறகு எண்ணெய் போட்டுத் தேய்ப்பதற்கும், முதலே தடவிக்கொண்டு வெட்டுவதற்கும் எவ்வளவு வித்தியாசம் என்று அம்மாவைக் கேள். வீதியிலும் அப்படித்தான். முன்கூட்டித் தெளித்தால் குறைந்த உப்பில் வேலை முடியும்.

அந்த உப்பு எங்கிருந்து வருகிறது என்றும் கேட்டிருந்தாய். நிலாவெளி, குச்சவெளிப் பக்கம் பாத்தி கட்டி வெயிலில் விளைவிக்கிறோமே, அப்படி இல்லை. ஒன்ராறியோ மாகாணத்தில் கொட்ரிச் என்று ஒரு ஊர், ஹூரோன் ஏரிக்கரையில். 1866இல் எண்ணெய் தேடித் துளை போட்டபோது உப்பு அகப்பட்டது. இன்று அந்த ஏரிக்கு அடியில், 500 மீற்றருக்கும் கீழே, உலகத்திலேயே மிகப் பெரிய நிலத்தடி உப்புச் சுரங்கம் இருக்கிறது. என் லொறியில் ஏறியது வெயிலே காணாத உப்பு.

மீன் மொத்த வியாபாரி ஒருவர், உட்துறைமுக வீதி: "ஒதுக்கிய பனி எங்கே போகிறது? நாங்கள் ஒரு பார் ஐஸ் பின்னேரம் வரை நிற்க உமியும் சாக்கும் போட்டு மூடுகிறோம். அங்கே மலையாகக் குவிந்ததை என்ன செய்கிறார்கள்?"

அண்ணை, நல்ல கேள்வி. ரொறன்ரோவில் சாதாரணமாக விழுந்தால் கரையிலேயே கிடந்து உருகிவிடும். கரையில் இடமில்லாத அளவுக்குக் கொட்டினால்தான் லொறியில் ஏற்றி, அதற்கென ஒதுக்கிய வெளிகளில் கொண்டுபோய்க் குவிப்பார்கள். பெரிய புயல் என்று அறிவித்தால், குறித்த பெரிய வீதிகளில் 72 மணி நேரம் வரை கார் நிறுத்தத் தடை.

ஆனால் அள்ளுகிற கலையை மொன்றியலில்தான் பார்க்க வேண்டும். நான் ஒரு குளிர்காலத்தில் மச்சான் வீட்டுக்குப் போய் இரண்டு கிழமை நின்றேன். அங்கே ஆண்டுக்கு ஏறக்குறைய இரண்டு மீற்றர் பனி விழும், வீதிகளோ ஒடுக்கம். தள்ளி ஒதுக்க இடம் ஏது? வீதியையும் நடைபாதையையும் சேர்த்தால் ஏறக்குறைய 10,000 கிலோமீற்றர். அதிலிருந்து பனியை ஊதி லொறிக்குள் ஏற்றுவார்கள். ஒரு குளிர்காலத்துக்கு 3 இலட்சம் லொறி அளவு. முதலில் வீதியோரப் பனியில் செம்மஞ்சள் பலகை நடுவார்கள், இந்த நேரத்துக்குள் காரை எடு என்று. பிறகு ஒரு வண்டி சங்கு ஊதிக்கொண்டு வரும். இரவு படுத்துக்கிடக்க அந்தச் சத்தம் கேட்டதும், மச்சான் சாரத்துக்கு மேலே குளிர்க்கோட்டைப் போட்டுக்கொண்டு ஓடினார். பத்து நிமிடம் பிந்தினால் காரை இழுத்துப் பக்கத்து வீதியில் விட்டுவிடுவார்கள், பிறகு தெருத் தெருவாகத் தேட வேண்டும். காரெல்லாம் விலகியதும் ஊதுபொறி வந்தது. ஒரு பக்கம் பனியை விழுங்கி, மறு பக்கம் யானைத் தும்பிக்கை மாதிரி வளைந்த குழாயால் பக்கத்தில் ஊர்ந்து வருகிற லொறிக்குள் ஊற்றுகிறது. ஒரு லொறி நிறைந்தவுடன் அடுத்தது அதன் இடத்துக்கு வந்துவிடும். ஊதுபொறி நிற்பதே இல்லை. வேலை தெரிந்தவன் எனக்கே அதைப் பார்த்துக் கண் எடுக்க முடியவில்லை.

அந்தப் பனியில் ஒரு பங்கு பாதாளச் சாக்கடைக் குழிக்குள் போகும். பெரும்பங்கு குவிப்பு வெளிகளுக்கு. அதில் பெரியது ஃபிராங்கோன் என்ற பழைய கல்லுடைப்புக் குழி. அங்கே குவிந்த பனி ஆடி, ஆவணி வெயிலிலும் முழுதாக உருகாது. ஏன் தெரியுமா? பனியோடு வந்த மண்ணும் குப்பையும் மேலே படையாக நின்று வெயிலை உள்ளே விடாமல் தடுக்கிறது. உங்கள் பாருக்கு மேலே நீங்கள் போடுகிற உமி செய்கிற அதே வேலை.

லிங்கநகர் வாசகி: "என் தங்கச்சி சவளால் அள்ளி அள்ளி வாசலைத் துப்புரவாக்கி முடிக்கிற நேரம் மாநகரசபை வண்டி வந்து மறுபடி மூடிவிட்டுப் போகிறதாம். இது அநியாயம் இல்லையா?"

உங்கள் தங்கச்சியின் முதுகுநோவு எனக்குத் தெரியும். என் மனைவியும் என்னிடமே கேட்ட கேள்வி இது. அலகு ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். தள்ளுகிற பனி முழுவதும் வலக்கைப் பக்கம் வரம்பு மாதிரி விழும். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் தூக்கித் தூக்கி இறக்கினால் தூக்கிய இடத்துப் பனி வீதியிலேயே நிற்கும். வேண்டுமென்று ஒருவரும் செய்வதில்லை. அந்த வரம்பைத் திறந்துவிட ஸ்காபுரோ, நோர்த் யோர்க் போன்ற அகன்ற பகுதிகளில் மாநகரசபையே தனி வண்டி அனுப்புகிறது. அது கடைசியில்தான் வரும். தங்கச்சிக்குச் சொல்லுங்கள், வீதியை நோக்கி நின்று வாசலுக்கு இடக்கைப் பக்கம் ஒரு குழி மாதிரிக் கொஞ்சம் கூடுதலாக அள்ளி வைக்கச் சொல்லி. வண்டி அந்தப் பக்கமிருந்துதான் வரும். கொண்டுவருகிற பனியில் ஒரு பங்கு அந்தக் குழியில் கொட்டுப்படும், வாசலுக்குக் குறைவாக வரும். அள்ளிய பனியை வீதிக்குள் எறிய வேண்டாம் என்றும் சொல்லுங்கள். இரவில் அது இறுகிக் கட்டியாகி, பின்னால் வருகிறவனின் ரயரில் சிக்கும்.

ஓய்வுபெற்ற ஆசிரியை, பாலையூற்று: "கார் வைத்திருக்கிறவர்களுக்கு எல்லாம் செய்கிறார்கள் போல இருக்கிறது. நடந்து போகிறவர்களுக்கு?"

ரீச்சர், பத்து ஆண்டுகளாக எனக்குள் கிடக்கிற விஷயத்தைக் கேட்டுவிட்டீர்கள்.

ஒரு தை மாதம் காலை ஏழு மணி. இரவு முழுக்க ஓட்டிவிட்டு யாட்டுக்குத் திரும்புகிறேன். மார்க்கம் வீதியில் ஒரு பஸ் தரிப்பிடம். எங்கள் ஆட்களில் ஒரு வயதான அம்மா, சேலைக்கு மேலே கனத்த கோட்டு, கையில் ஒரு பை. தரிப்பிடத்துக்கும் வீதிக்கும் நடுவில் இடுப்பளவு பனி வரம்பு. பஸ் நிற்கிறது, கதவு திறந்திருக்கிறது, அவரால் அந்த வரம்பைக் கடக்க முடியவில்லை. ஒரு காலை வைக்கிறார், புதைகிறது, எடுக்கிறார். பஸ் சாரதி இறங்கி வந்து கை கொடுத்தார். அந்த வரம்பை அங்கே விட்டவன் நான். என் வரைபடத்தின்படி என் வேலை சரி. வீதி கறுப்பாக, துப்புரவாக இருக்கிறது. ஆனால் அவர் நின்ற இடம் யாருடைய வரைபடத்திலும் அந்த நேரத்துக்கு வரவில்லை. அன்றிலிருந்து, எது முதல், எது பிறகு என்ற வரிசையை எழுதுகிறவர்கள் காரில் போகிறவர்கள்தான் என்பதை நான் மறக்கவில்லை.

ரொறன்ரோவில் நடைபாதை மட்டும் ஏழாயிரம் கிலோமீற்றருக்கு மேல் இருக்கிறது. எங்கள் பக்கம் மாநகரசபைச் சின்ன வண்டி வந்து தள்ளும். பழைய நகரின் நடுப்பகுதியில் அந்தந்த வீட்டுக்காரர்தான் 12 மணி நேரத்துக்குள் தன் வாசல் நடைபாதையைத் துப்புரவாக்க வேண்டும் என்று இருந்தது. ஒருவர் செய்வார், பக்கத்து வீட்டுக்காரர் ஊரில் இல்லை. தள்ளுவண்டியில் குழந்தையோடு போகிற தாயும் சக்கர நாற்காலியில் போகிறவரும் பாதி வழியில் வீதிக்குள் இறங்க வேண்டும். 2021இல்தான் நடைபாதைகள் எல்லாவற்றையும் மாநகரசபையே பொறுப்பெடுக்கும் என்று தீர்மானித்தார்கள். நான் ஊருக்கு வந்த பிறகு நடந்தது. செய்தியைப் படித்துவிட்டு அந்த அம்மாவைத்தான் நினைத்தேன்.

பனியை விட மோசமானது ஐஸ். 2013 மார்கழி 21, 22இல் உறைமழை பெய்தது. மழையாக விழுந்து, தொட்ட இடத்திலெல்லாம் கண்ணாடியாக இறுகியது. மரக் கிளைகள் பாரத்தில் முறிந்து மின்கம்பிகளில் விழுந்து, ரொறன்ரோவில் மட்டும் 3 இலட்சம் இணைப்புகளுக்கு மின்சாரம் போனது. நத்தார்ப் பண்டிகையைப் பலர் இருட்டில் கழித்தார்கள். அந்தக் கிழமை என் மனைவி ஒரு கடையின் கார் தரிப்பிடத்தில் விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். அங்கே ஒரு பிடி உப்புக்கூடப் போட்டிருக்கவில்லை. நான் இரவு முழுக்கத் தொன் கணக்கில் ஊருக்கு உப்புப் போட்டுக்கொண்டிருந்தேன். அந்தக் கோபம் இன்னும் போகவில்லை.

பிள்ளைகளைப் பார்க்க அங்கே போகிற பெரியவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். மாரி மழையில் பாசி பிடித்த கிணற்றடியில் எப்படி நடப்பீர்கள்? காலைத் தூக்கி வீசாமல், குதிக்காலை ஊன்றாமல், முழுப் பாதத்தையும் பதித்து, சின்னச் சின்ன அடியாக. அதே நடைதான். கையைக் கோட்டுப் பைக்குள் விடாதீர்கள், சமநிலைக்குக் கை வேண்டும். தார் ஈரமாக மினுங்கினால் அதைத் தண்ணீர் என்று நம்ப வேண்டாம். பாலத்தின் மேல் இன்னும் கவனம். கீழேயும் குளிர்காற்று ஓடுவதால் மற்ற இடத்துக்கு முதல் பாலம் உறையும்.

நிலாவெளி வாசகர்: "சுனாமிக்குப் பிறகு எங்கள் கிணறு உவர்த்து எத்தனை காலம் கஷ்டப்பட்டோம். அவ்வளவு உப்பை வீதியில் கொட்டினால் அந்த ஊர்க் கிணறு என்ன ஆகும்?"

நீங்கள் பயப்படுவது சரிதான். கனடா முழுவதும் ஆண்டுக்கு ஏறக்குறைய 50 இலட்சம் தொன் உப்பு வீதியில் விழுகிறது. பனி உருகினால் உப்பு எங்கும் மறைவதில்லை. கானுக்கும் ஓடைக்கும் ஏரிக்கும் நிலத்தடி நீருக்கும் போகிறது. 2001இல் கனடிய அரசாங்கமே ஆராய்ந்து, வீதி உப்பு சூழலுக்கு நஞ்சு என்று சொன்னது. 2004இல் அதைக் கையாளும் முறைக்கு விதிக்கோவையும் வந்தது. காரின் அடித்தகடு துருப்பிடிப்பது, பாலத்துக் கொங்கிறீற்றுக்குள் இரும்பு அரிப்பது, வீதியோர மரம் பட்டுப்போவது எல்லாம் அதே உப்பால்தான்.

தடை செய்தால் ஆட்கள் சாவார்கள். அதனால் குறைப்பதுதான் வழி, குறைக்கவும் முடியும். ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் லொறியை நிறுத்திவைத்து, கிலோமீற்றருக்கு எத்தனை கிலோ விழுகிறது என்று நிறுத்துப் பார்த்துச் சரிசெய்ய வேண்டும். புதிதாக வருகிற பொடியன்கள் பயத்தில் அள்ளி வீசுவார்கள். நான் அவர்களை லொறிக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவேன். உப்புக் கற்களுக்கு நடுவில் கறுப்பு நிலம் தெரிய வேண்டும். வெள்ளைப் பாய் விரித்த மாதிரி இருந்தால் அது வீண், அது யாரோ ஒருவருடைய கிணற்றுக்குப் போகிறது. எனக்கு அந்தக் கிணறு நிலாவெளிக் கிணறாகத்தான் மனதில் வரும்.

அனுராதபுரச் சந்தியிலிருந்து ஒருவர்: "லண்டனில் இரண்டு அங்குலத்துக்கே எல்லாம் நின்றுவிடுகிறதாமே. பணக்கார நாடுதானே?"

2009 மாசி 2ஆம் திகதி லண்டன் பஸ்கள் எல்லாவற்றையுமே நிறுத்தினார்கள். அதற்கு முந்திய பதினெட்டு ஆண்டுகளில் அப்படி ஒரு பனி விழுந்ததில்லை. எப்போதோ ஒருமுறை வருவதற்காக நூற்றுக்கணக்கில் அலகு லொறிகளை வாங்கி வைத்திருக்க எந்த ஊரும் யோசிக்கும். இங்கிலாந்தில் செஷயர் பக்கம் வின்ஸ்ஃபோர்டில் உப்புச் சுரங்கம் இருக்கிறது, உப்புத் தூவுகிற லொறிகளும் இருக்கின்றன. கனத்த பனியைத் தள்ளுகிற பழக்கம்தான் குறைவு. பழக்கமுள்ள ரொறன்ரோவே 1999 தை மாதம் இரண்டு கிழமைக்குள் ஒரு மீற்றருக்கு மேல் விழுந்தபோது தடுமாறி, மேயர் மெல் லாஸ்ற்மன் இராணுவத்தைக் கூப்பிட்டார். மற்ற மாகாணத்தார் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். எனக்கு அதில் சிரிக்க ஒன்றுமில்லை. முதியவர்கள் வீட்டுக்குள் அடைபட்டிருக்கும்போது உதவி கேட்டது சரியான காரியம்.

தபாலகத்தடியிலிருந்து ஒரு கடைக்காரர்: "பனியே விழாத ஊரில் இதைப் படித்து எங்களுக்கு என்ன?"

எங்களுக்குப் பனி இல்லை, வடகீழ்ப் பருவமழை இருக்கிறது. ஐப்பசியில் தொடங்கித் தை வரைக்கும். எந்த ஒழுங்கையில் முதலில் தண்ணீர் ஏறும் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், ஒவ்வொரு ஆண்டும் அதே இடங்கள்தான். புரட்டாதியிலேயே ஒரு வரைபடத்தை விரித்து, ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் எந்தக் கான் முதலில், பள்ளிக்கூடத்தடியில் எது, மட்டிக்களிப் பக்கம் தண்ணீர் இறங்க எது திறந்திருக்க வேண்டும் என்று எழுதி, அதை எல்லாரும் பார்க்கிற இடத்தில் ஒட்டலாம். அதற்குப் பெரிய காசு வேண்டாம். உங்கள் ஒழுங்கை பதினைந்தாவது என்று முதலே தெரிந்தால், சாமான்களை முதல்நாளே மேலே தூக்கி வைப்பீர்கள். ஒன்றும் தெரியாமல் காத்திருக்கும்போதுதான் மனிதர் கொதிக்கிறார்கள். இதை வட்டாரக் கூட்டத்தில் இரண்டு முறை சொன்னேன். மூன்றாம் முறையும் சொல்வேன், நீங்களும் வாருங்கள்.

அபயபுரத்திலிருந்து ஒரு இளைஞர்: "அண்ணா, நான் இங்கே ரிப்பர் ஓட்டுகிறேன். கனடாவுக்கு விசா வந்திருக்கிறது. உப்பு லொறி வேலை எனக்குச் சரிவருமா?"

சரிவரும் தம்பி. ஒன்ராறியோவில் அந்த லொறிக்கு டி வகுப்பு அனுமதிப்பத்திரமும், காற்றுப் பிரேக்குக்கான இசட் சான்றும் வேண்டும். டி.இசட். என்று சேர்த்துச் சொல்வார்கள். இங்கே பாரம் ஏற்றி மலைவழி இறங்கிய பழக்கம் உதவும். ஆனால் பனியில் பிரேக்கை நம்புகிற பழக்கத்தை விட்டுவிட வேண்டும். முதல் குளிர்காலத்தில் பழைய ஆள் ஒருவரோடு பக்கத்தில் இருந்து பழகு, வெட்கப்படாதே. கறுத்த திரைச்சீலை வாங்கு, பகலில் நித்திரை கொள்ள வேண்டும். தேநீர்ப் போத்தலில் இஞ்சி கூடுதலாகப் போடு. பின்னால் எடுக்கும்போது கண்ணாடியை மட்டும் நம்பாதே, இறங்கிப் பார். பனி வரம்புக்குப் பின்னால் ஒரு சின்னப் பிள்ளை விளையாடிக்கொண்டு இருந்தாலும் தெரியாது.

அப்புறம், அம்மாவுக்கு நேர வித்தியாசத்தை இப்போதே சொல்லிவிட்டுப் போ. குளிர்காலத்தில் பத்தரை மணி நேரம். அவர் மத்தியானம் பன்னிரண்டரைக்குச் சோறு வடித்துவிட்டு உன்னை நினைத்து ஃபோன் எடுக்கிற நேரம், உனக்கு அங்கே விடியப்புறம் இரண்டு மணி, கையில் ஸ்டியரிங். நீ எடுக்காவிட்டால் அவர் பயப்படுவார், எடுத்தால் நீ வீதியைப் பார்க்கமாட்டாய். இரவு ஏழரைக்கு எடுக்கச் சொல். அப்போது உனக்கு அங்கே காலை ஒன்பது மணி. லொறியைக் கழுவி, யாட்டில் விட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றியிருப்பாய்.